டிராயரில் எட்டு ஸ்லைடுகள்

ராஜத்துக்குப் பொறாமை என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வருவாள். “எனக்கென்ன பொறாமை? நான் உண்டு, என் வேலை உண்டுன்னு இருக்கேன்” என்பாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்தவள் புடவைக் கரையில் இருக்கும். அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இந்த இடத்திலிருந்து ஆரம்பிப்பதுதான் நியாயம்.

வயது ஐம்பத்தெட்டு. தில்லி மயூர் விஹாரில் மூன்றாவது மாடி ஃபிளாட். கணவர் கோபாலன் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீஸராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரு வரி விடாமல் படிக்கிறவர். பிள்ளை பத்ரி பெங்களூரில். ராஜம் மட்டும் இன்னும் காலை எட்டேகால் மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் ஏறி, தயிர்சாத டப்பாவும் கையுமாக வேலைக்குப் போகிறாள். புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் இருபத்தொன்பது வருஷமாக டெக்னீஷியன். இன்னும் இரண்டு வருஷத்தில் ரிடையர்மென்ட்.

என்ன வேலை என்று கேட்டால் “சதையை நறுக்கறது” என்று இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவாள். ஆபரேஷனில் எடுத்த கட்டியின் ஒரு துண்டு, மெழுகுக்குள் புதைந்து, தீப்பெட்டியைவிடச் சின்ன பிளாக்காக அவளிடம் வரும். அதை ஐஸ் தட்டில் கொஞ்ச நேரம் கவிழ்த்து வைத்து, மெஷினில் பூட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி நறுக்க வேண்டும். ஒரு தலைமுடியின் கனத்தில் பதினைந்தில் ஒரு பங்குகூட இருக்காது ஒரு நறுக்கு. அது சுருங்கக் கூடாது, மடியக் கூடாது, கிழியக் கூடாது. ஜனவரிக் குளிரில் மெழுகு பொடிப்பொடியாக உதிரும். அப்போது ராஜம் பிளாக்கின் முகத்துக்கு நேரே குனிந்து ஒரே ஒரு மூச்சு, ‘ஹா’ என்று விடுவாள். அடுத்த சுற்றில் நறுக்கு ரிப்பனாக இழைந்து வரும். அதை வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, அடியில் கண்ணாடி ஸ்லைடைக் கொடுத்து ஏந்தி எடுப்பாள். இருபது வயசுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்ளப் பார்த்தார்கள். அந்த மூச்சு ஒருவருக்கும் வரவில்லை.

இவ்வளவுக்கும் அவளுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? கடைசிப் பக்கத்தில் ஒரு வரி. ஆராய்ச்சிக் கட்டுரை வெளியாகும்போது தலைப்புக்குக் கீழே டாக்டர்கள் பெயராக வரிசை கட்டி நிற்கும். எல்லாம் முடிந்து, பொடி எழுத்தில், ‘தொழில்நுட்ப உதவிக்காகத் திருமதி ராஜம் கோபாலனுக்கு நன்றி’ என்று இருக்கும். இப்படி நாற்பத்தோரு கட்டுரைகள். ராஜம் ஒவ்வொன்றிலும் கடைசிப் பக்கத்தை மட்டும் நகலெடுத்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறாள். கோபாலன் ஒருநாள் அந்த ஃபைலைப் புரட்டிவிட்டு, “எல்லாக் கதையிலும் முடிவு மட்டும் வெச்சிருக்கியே” என்றார். இரண்டு நாள் அவருக்குக் காபி ஆறித்தான் கிடைத்தது.

அதனால்தான் டாக்டர் நந்திதா பட்நாகர் போன வருஷம் மார்ச்சில் அந்த வார்த்தையைச் சொன்னபோது ராஜத்துக்குத் தரையில் கால் பாவவில்லை. டாக்டர்தான் லேபின் தலைவர். புது வேலை ஒன்றைக் கையில் எடுத்திருந்தார். சினைப்பைப் புற்றுநோய் வந்து ஆபரேஷன் செய்துகொண்ட அறுபத்துநான்கு பெண்கள். எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒரே கட்டத்தில் நோய், ஒரே மருந்து. ஆனால் சிலர் பத்து வருஷம் கழித்தும் பேரன் பேத்தியோடு இருக்கிறார்கள், சிலர் இரண்டாவது தீபாவளியைப் பார்க்கவில்லை. ஏன்? கட்டிக்குள் உடம்பின் காவல் செல்கள் எத்தனை நுழைந்தன, எங்கே நின்றன என்பதில் விடை இருக்கலாம் என்பது டாக்டரின் எண்ணம். காவல் செல்களில் ‘டி செல்’ என்பது சண்டைக்காரன். அதற்கு மட்டும் பழுப்புச் சாயம் ஏறும்படி ஸ்லைடு தயாரித்து, மைக்ராஸ்கோப்பில் ஒவ்வொன்றாக எண்ண வேண்டும்.

“ராஜம்ஜி, இந்தத் தடவை எண்ணுவதும் நீங்களே” என்றார் டாக்டர், தன் ஹிந்தியில். “எண்ணுகிறவர் பெயர் கட்டுரை ஆசிரியர் வரிசையில் வரும்.”

ராஜம் அன்று மெட்ரோவில் இடம் கிடைத்தும் உட்காரவில்லை. நின்றுகொண்டே வந்தாள். முதல் பக்கம். இருபத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக முதல் பக்கம்.

ஜூலையில் வந்து சேர்ந்தாள் சுபிக்ஷா.

இருபத்தேழு வயது, பிஎச்.டி. மாணவி, கையில் பெரிய ஃபெலோஷிப். தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. வந்த அன்றே டாக்டர் ராஜத்தைக் கூப்பிட்டு, “இது சுபிக்ஷாவின் தீசிஸ் ஆகிறது, ராஜம்ஜி. எண்ணுவது அவளே எண்ணட்டும். பரீட்சைக்காரர்கள் கேட்பார்கள், புரிகிறது இல்லையா? நீங்கள் ஸ்லைடு மட்டும் செய்து கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மார்ச்சில் சொன்னது அவருக்கு நினைவிருந்ததாகவே தெரியவில்லை.

இதாவது போகட்டும் என்று விட்டிருப்பாள். விடமுடியாதபடி இன்னொன்று இருந்தது. சுபிக்ஷா யார் என்று நினைக்கிறீர்கள்? பட்டுவின் பெண்.

பட்டு, மோதி பாக் தமிழ்ப் பள்ளியில் ராஜத்தின் பக்கத்தில் உட்கார்ந்தவள். ராஜத்தின் அப்பா க்ளார்க், சின்ன குவார்ட்டர்ஸ்; பட்டுவின் அப்பா ஆபீஸர், இரண்டு தெரு தள்ளிப் பெரிய குவார்ட்டர்ஸ். அந்தத் தெருவில் முதலில் ஃப்ரிட்ஜ் வந்தது பட்டு வீட்டில்தான். சயன்ஸில் ராஜம் எண்பத்தொன்பது, பட்டு ஐம்பத்திரண்டு. இன்றைக்கும் இரண்டு நம்பரும் ராஜத்துக்கு மனப்பாடம். ஐம்பத்திரண்டு வாங்கினவள் டியூஷன் வைத்துக்கொண்டு பி.எஸ்ஸி. போனாள். எண்பத்தொன்பது வாங்கினவளை, “தம்பிகள் படிக்கணும்மா” என்று சொல்லி, சீக்கிரம் வேலை கிடைக்கிற லேப் டெக்னீஷியன் டிப்ளமாவில் சேர்த்தார் அப்பா. பட்டு அந்த பி.எஸ்ஸி.யை வைத்து ஒரு நாள்கூட வேலைக்குப் போகவில்லை. கல்யாணம் பண்ணிக்கொண்டாள். ராஜத்துக்கு அதுதான் இன்னமும் தாங்கவில்லை. கிடைக்காதவள் ஏங்குகிறாள், கிடைத்தவள் அதைப் பரணில் போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது அவள் பெண் வந்து, “நமஸ்தே மாமி, அம்மா உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கா” என்று நிற்கிறது. லேபில் டாக்டரிலிருந்து வாட்ச்மேன் வரை ராஜம்ஜி என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தப் பெண் எல்லோர் எதிரிலும் மாமி என்கிறாள். அந்த ஒரு வார்த்தையில் தான் மெஷின் முன்னாலிருந்து எழுந்து அடுப்புக்கு முன்னால் போய் நின்றுவிட்டதைப் போல ராஜத்துக்கு இருந்தது.

சாப்பாட்டு வேளையில் வந்து உட்கார்ந்து பாடம் வேறு எடுத்தாள். “மாமி, மேக்ரோஃபேஜ்னு ஒரு செல் இருக்கு தெரியுமா? ஒரு மாதிரி ஸஃபாயிவாலா. செத்த செல், சிந்தின ரத்தம், எல்லாத்தையும் சாப்ட்டுக் க்ளீன் பண்ணும். ஆனா ட்யூமருக்குள்ள போச்சுன்னா பாதி கேஸ்ல கட்சி மாறிடும். கட்டிக்கே சப்ளை பண்ணும். டி செல் சண்டைக்கு வந்தா உள்ள விடாது, கேட்லயே நிறுத்தி வெச்சுடும். ஃபன்னி இல்ல?”

ராஜம் மேக்ரோஃபேஜைப் பார்க்க ஆரம்பித்தபோது இந்தப் பெண் பிறக்கவேயில்லை. “அச்சா” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தயிர்சாதத்தில் இருந்த கடுகை ஒதுக்கினாள்.

அந்தப் பெண் சுறுசுறுப்பு. அதையும் சொல்லத்தான் வேண்டும், ராஜமே மனசுக்குள் சொல்லிக்கொண்டாள், எரிச்சலோடு. காலையில் எட்டரைக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்தால், இடது கையில் எண்ணும் கிளிக்கர், டிக் டிக் டிக் என்று மத்தியானம் வரை. அந்தச் சத்தம் ராஜத்தின் மண்டைக்குள் விழுந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு டிக்கும் தனக்கு வர வேண்டியது. டாக்டர் போகும்போதும் வரும்போதும், “ஷாபாஷ் சுபிக்ஷா” என்பார். ஸ்லைடில் ஒரு மடிப்பு, ஒரு குமிழி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. இல்லாததை யார் கேட்பார்கள்?

அறுபத்துநான்கு பேரின் பிளாக்குகளை எட்டு எட்டாகப் பிரித்துச் சாயம் ஏற்றுவது முறை. ஒவ்வொரு எட்டுக்கும் கூடவே ஒரு கண்ட்ரோல் ஸ்லைடு செய்ய வேண்டும். எல்லாச் சாயமும் போட்டு, டி செல்லைப் பிடிக்கிற மருந்தை மட்டும் போடாமல் விடுவது. அதில் பழுப்பு தெரியக் கூடாது. தெரிந்தால், அது டி செல் கிடையாது, வேறு ஏதோ ஏமாற்றுகிறது என்று அர்த்தம். மற்ற லேபில் கைக்கு வந்த பிளாக்கை எடுத்துக் கண்ட்ரோல் செய்வார்கள். ராஜத்துக்கு அவளே ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் ஒன்று உண்டு. எட்டில் எந்த பிளாக்கில் அதிகமாக ரத்தம் கசிந்து ஊறியிருக்கிறதோ, அதைப் பொறுக்கி எடுப்பாள். ஏமாற்றுகிற பிளாக் அதுதான். மேக்ரோஃபேஜ் கசிந்த ரத்தத்தைத் தின்னும். ரத்தத்தின் இரும்பு அதன் வயிற்றுக்குள் துருவாகத் தங்கிவிடும். அந்தத் துருவின் நிறமும் பழுப்பு. தெரியாதவர் கண்ணுக்கு டி செல்லும் அதுவும் ஒன்றுதான்.

இந்த எட்டுக் கண்ட்ரோல் ஸ்லைடுகளையும் தட்டில் வைத்துக் கொடுப்பதும் அவள் வழக்கம். இந்தத் தடவை தட்டில் வைக்கவில்லை. வேண்டுமென்று செய்யவில்லை என்று முதலில் தனக்கே சொல்லிக்கொண்டாள். முதல் தடவை சுபிக்ஷா, “மாமி, கண்ட்ரோல் ஸ்லைடு இருக்கா?” என்று கேட்டபோது, “பாக்கறேன்” என்றாள். பத்து நாள் கழித்து மறுபடி கேட்டாள். “பாக்கறேன்னு சொன்னேனே. எனக்கு நூறு வேலை” என்றாள் ராஜம். அந்தக் குரலுக்குப் பிறகு அந்தப் பெண் கேட்கவில்லை. எட்டு ஸ்லைடும் பூட்டின டிராயரில், நகவெட்டிக்கும் தலைவலித் தைலத்துக்கும் பக்கத்தில் இருந்தன.

அக்டோபரில் ஒருநாள் சுபிக்ஷா லைப்ரரிக்குப் போயிருந்தாள். மைக்ராஸ்கோப் விளக்கு அணைக்கப்படாமல் இருந்தது. ராஜம் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். ஸ்லைடு நாற்பத்தொன்று. ரத்தம் ஊறின பிளாக், அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. பக்கத்து நோட்டில் சுபிக்ஷாவின் எண்ணிக்கை: நூற்றிப் பதினெட்டு. ராஜம் மைக்ராஸ்கோப்பின் ஃபோகஸ் திருகைக் கால் சுற்று திருப்பினாள். டி செல்லின் பழுப்பு அப்படியே மங்கும். இரும்புத் துரு மங்காது. மணல்மணலாக ஒரு பளபளப்புக் காட்டும். இது பளபளத்தது. ராஜம் தானே எண்ணினாள். நிஜமான டி செல் இருபத்தாறு. மற்றதெல்லாம் ரத்தம் தின்ற மேக்ரோஃபேஜ்.

அந்தப் பெண் சண்டைக்காரனையும் கட்சி மாறினவனையும் ஒரே தலையாக எண்ணிக்கொண்டிருக்கிறாள்.

ராஜத்துக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. அவளுக்கே வெட்கமாக இருந்தது, ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான். ஐம்பத்திரண்டு மார்க்கின் பெண் எப்படி இருப்பாள் பின்னே. எழுந்து தன் இடத்துக்குப் போனாள். சாயங்காலம் சுபிக்ஷா திரும்பி வந்து, “மாமி, சாய் குடிக்கலாமா?” என்றபோது, “வேண்டாம்மா, நீ வேலையைப் பாரு” என்று அன்பாகவே சொன்னாள். அன்று வீட்டில் அவியல் செய்தாள். கோபாலன் இரண்டு தடவை போட்டுக்கொண்டு, “என்ன விசேஷம்?” என்று கேட்டார்.

“ஒண்ணுமில்லை. தேங்காய் நன்னா இருந்தது” என்றாள்.

ஒன்று மட்டும் நடுநடுவில் குத்தியது. அந்த ஸ்லைடு ஒவ்வொன்றும் ஒரு மனுஷி. நாற்பத்தொன்றாம் நம்பர்க்காரி யாரோ, இருக்கிறாளோ இல்லையோ. அவள் கொடுத்த சதையை வைத்துக்கொண்டு ஒருத்தி தப்பாக எண்ணுகிறாள், இன்னொருத்தி பார்த்துக்கொண்டு அவியல் செய்கிறாள். ராஜம் அந்த நினைப்பைத் தள்ளினாள். தப்பாக எண்ணினது நானா, நான் என்ன செய்ய, என்று தள்ளினாள். மீட்டிங்கில் தானே வெளியே வரட்டும்.

வெளியே வருவதற்கென்றே ஒரு நாள் இருந்தது. எண்ணுகிறவருக்கு எந்த ஸ்லைடு யாருடையது, அவள் பிழைத்தாளா போனாளா என்பது தெரியக் கூடாது. அந்தப் பட்டியலை டாக்டர் ஒரு உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார். எண்ணிக்கை முழுக்க முடிந்த பிறகுதான் உறையைப் பிரித்து, இரண்டையும் பொருத்திப் பார்ப்பார்கள். டிசம்பர் இரண்டாம் வாரம், வியாழக்கிழமை பதினோரு மணி என்று முடிவாயிற்று. ராஜம் அன்று சுங்குடிப் புடவை கட்டிக்கொண்டு போனாள்.

சின்ன அறை. டாக்டர், சுபிக்ஷா, கணக்குப் பார்க்கிற ஸ்ரீநிவாஸ், கதவோரம் ராஜம். ஸ்ரீநிவாஸ் நம்பர்களைக் கம்ப்யூட்டரில் பொருத்தினார். டி செல் அதிகமாக நுழைந்த பெண்கள் அதிக நாள் இருந்திருக்க வேண்டும். பல நாட்டு ஆராய்ச்சிகளிலும் அப்படித்தான் வந்திருக்கிறது. திரையில் வந்த கோடு தலைகீழாக இருந்தது. அதிக எண்ணிக்கை வாங்கிய பெண்களில் பாதிப் பேர் இரண்டு வருஷத்துக்குள் போயிருந்தார்கள். நாற்பத்தொன்றாம் நம்பர்க்காரி பதினான்கு மாதத்தில்.

பதினான்கு மாதம் என்று கேட்டதும் ராஜம் திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். கையிலிருந்த பேனாவின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கோபப்படுவதற்கு முன்னால் அப்படித்தான் செய்வார். “இது முடியாது. எண்ணினதில் தப்பு இருக்கிறது. கண்ட்ரோல் ஸ்லைடு பார்த்தாயா, சுபிக்ஷா?”

“இல்லை, மேம்.”

“ஏன்?”

இதோ வந்துவிட்டது என்று ராஜம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெண் இப்போது திரும்பித் தன்னைப் பார்ப்பாள், இரண்டு தடவை கேட்டேன் இவர் கொடுக்கவில்லை என்பாள். அதற்குப் பதிலும் தயாராக இருந்தது. நூறு வேலையில் மறந்துவிட்டது, மூன்றாவது தடவை கேட்டிருக்கலாமே.

சுபிக்ஷா திரும்பவில்லை. “நான் ராஜம்ஜியிடம் கேட்கவேயில்லை, மேம். தேவைப்படாது என்று நினைத்தேன். என் தப்பு” என்றாள். மாமி என்று சொல்லவில்லை. ராஜம்ஜி என்றாள்.

“பிஎச்.டி. மூன்றாவது மாதத்தில் சொல்லிக் கொடுக்கிற பாடம் இது” என்று ஆரம்பித்தார் டாக்டர். பத்து நிமிஷம். பள்ளிக்கூடப் பிள்ளையைக்கூட அப்படிப் பேசமாட்டார்கள். ஸ்ரீநிவாஸ் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண்ணின் காது சிவந்தது, ஆனால் தலையை நிமிர்த்தியேதான் நின்றாள்.

ஐந்து மாதமாக ராஜம் ஆசைப்பட்ட காட்சி. கண்முன்னால் நடக்கிறது. ஆனால் ருசிக்கவில்லை. ஏன் ருசிக்கவில்லை என்று பார்த்தாள். இரக்கமா? கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பெரிதாக, அடிவயிற்றிலிருந்து கிளம்பி வந்தது அதே பழைய எரிச்சல். ஃபெலோஷிப் இவளுக்கு, கிளிக்கர் இவளுக்கு, முதல் பக்கம் இவளுக்கு. இப்போது பெருந்தன்மையும் இவளுக்கா? நாளைக்கு விஷயம் தெரிந்தால் சுபிக்ஷா எத்தனை உசத்தி, ராஜம் எத்தனை மட்டம் என்று ஊரே பேசாதா? பொய் சொல்லித் தன்னைக் காப்பாற்றின பெண்ணுக்கு ஆயுசு பூராவும் கடன்பட்டு நிற்பதா? பட்டுவின் பெண்ணுக்கா?

“கேட்டா” என்றாள் ராஜம், தமிழில். பிறகு ஹிந்திக்கு மாறி, “கேட்டாள், டாக்டர் சாஹிபா. இரண்டு தடவை கேட்டாள். நான்தான் கொடுக்கவில்லை. எட்டும் என் டிராயரில் இருக்கின்றன. நாற்பத்தொன்றில் இருப்பது முக்கால்வாசி இரும்பு தின்ற மேக்ரோஃபேஜ். அக்டோபரிலேயே பார்த்தேன். சொல்லவில்லை” என்றாள்.

டாக்டர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். “ஏன், ராஜம்ஜி?”

“பொறாமை” என்றாள் ராஜம். ஐம்பத்தெட்டு வயசில் முதல் தடவையாக அந்த வார்த்தையைத் தன்னைப் பற்றிச் சொன்னாள். “மார்ச்சில் எண்ணுவதும் நான் என்று சொன்னீர்கள். உங்களுக்கு மறந்துவிட்டது. எனக்கு மறக்கவில்லை.”

டாக்டர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். வெளியே புகைமூட்டத்தில் எதிர்க் கட்டிடம்கூடத் தெரியவில்லை. திரும்பி வந்து, “மெமோ கொடுக்க வேண்டியது. கொடுக்கப் போவதில்லை, என் மறதியும் இதில் இருக்கிறது. ஆனால் ஆசிரியர் வரிசையில் உங்கள் பெயர் வராது. இந்தக் கட்டுரையில் வரவே வராது. இப்போது போய் இரும்புக்குச் சாயம் போடுங்கள். அறுபத்துநான்குக்கும்” என்றார்.

தாழ்வாரத்தில் சுபிக்ஷா பின்னாலேயே ஓடி வந்தாள். “ஏன் மாமி சொன்னேள்? எனக்கு என்ன, தீசிஸ் ஆறு மாசம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். உங்களுக்கு ரிடையராக ரெண்டு வருஷந்தான் இருக்கு, மெமோ வந்தா கஷ்டம்னுதான்...”

“நீ எனக்காகப் பொய் சொல்லவேண்டாம்” என்றாள் ராஜம். “எனக்குப் பிடிக்கலை. ஜல்தி வா, பிளாக்கெல்லாம் ஐஸ்ல வைக்கணும்.”

இரும்புக்குப் போடுகிற சாயம் நீலமாகத் தெரியும். பழுப்பு வேறு, நீலம் வேறு என்று பிரிந்துவிட்டால் யாரும் ஏமாற முடியாது. மூன்று வாரம் ராஜம் நறுக்கினாள். இந்தத் தடவை சுபிக்ஷா எண்ணும்போது பக்கத்து மைக்ராஸ்கோப்பில் அவளும் உட்கார்ந்தாள், பெயரில்லாமல். திருகைக் கால் சுற்று திருப்பிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள். சொல்லிக் கொடுத்துவிட்டு, இவள் இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டாளே என்று அதற்கும் ஒரு பெருமூச்சு விட்டாள். ஒருநாள் மெட்ரோவில் வரும்போது, கேட்டில் நின்று சண்டைக்காரனை உள்ளே விடாமல் தடுக்கிற அந்தச் செல் நினைவுக்கு வந்தது. ராஜத்துக்கு யமுனா பாலம் தாண்டுகிற வரை முகம் சுட்டது.

புது எண்ணிக்கையில் கோடு நேரானது. அதோடு நிற்கவில்லை. ஸ்ரீநிவாஸ் நீலத்தைத் தனியாகப் போட்டுப் பார்த்தார். கட்டியின் ஓரத்தில் நீலம் எங்கே அடர்த்தியாக நின்றதோ, அங்கெல்லாம் டி செல்கள் உள்ளே போகாமல் வெளியிலேயே தேங்கி நின்றிருந்தன. அந்தப் பெண்கள்தான் சீக்கிரம் போனவர்கள். அறுபத்துநான்கு பேரை வைத்து உரக்கப் பேசக் கூடாது என்றார் டாக்டர், ஆனால் அவர் கண் மின்னியது. சுபிக்ஷாவின் தீசிஸுக்கு அதுவே தலைப்பாகிவிட்டது. தப்பாக எண்ணப்பட்ட செல்தான் இப்போது கட்டுரையின் கதாநாயகன்.

“பாருங்கோ, இந்தப் பொண்ணு தப்புப் பண்ணினாக்கூட அது கண்டுபிடிப்பா ஆயிடறது” என்றாள் ராஜம் கோபாலனிடம். “நான் சரியாப் பண்ணினா நன்றி.”

கட்டுரை ஆகஸ்டில் வெளிவந்தது. முதல் பக்கத்தில் முதல் பெயர் சுபிக்ஷா. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நாற்பத்திரண்டாவது நன்றி. ராஜம் கடைசிப் பக்கத்தை நகலெடுத்து ஃபைலில் வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, நடுவில் படம் இருந்த பக்கத்தையும் நகலெடுத்தாள். பழுப்பும் நீலமுமாக ஒரு நறுக்கு, மடிப்பில்லாமல், குமிழியில்லாமல், ஓரம்கூடக் கிழியாமல். கோபாலனிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்து, “நன்னா இருக்கு, கோலம் மாதிரி” என்றார்.

“இது நான் நறுக்கினது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, வாழைக்காயைச் சீவிக்கொண்டிருந்தபோது ஃபோன் வந்தது. பட்டு. வருஷத்துக்கு ஒரு தடவை, நவராத்திரிக்கு மட்டும் கூப்பிடுகிறவள். பெண்ணின் பெருமையை அளக்கத்தான் கூப்பிடுகிறாள் என்று ராஜம் பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்தாள்.

“ராஜம், நீ பிஸியா இருக்கியா?” என்றாள் பட்டு. “சுபி பேப்பர் வந்துடுத்து, பாத்திருப்பே. அவ என்ன சொல்றா தெரியுமோ? ராஜம் மாமி கண்ணு இல்லைன்னா இந்தப் பேப்பரே இல்லை, நான் எல்லாம் தப்பா எண்ணி வெச்சிருந்தேன், மாமிதான் கண்டுபிடிச்சான்னு. சாப்பிடறச்ச ராஜம் மாமி, கார்ல போறச்ச ராஜம் மாமி. மாமி ஒரு மூச்சு விடுவா, மெழுகு சொன்னபடி கேக்கும்கறா. எனக்குக் கேட்டுக் கேட்டு...” பட்டு நிறுத்தினாள். “சொன்னா சிரிப்பே. எனக்கு உன்மேல பொறாமையா இருக்குடி. நானும் சயன்ஸ்தான் படிச்சேன். என் பொண்ணுகிட்ட சொல்லிக்கற மாதிரி ஒரு வேலைகூட எனக்குத் தெரியலை.”

ராஜம் வாழைக்காயைத் தட்டில் வைத்தாள். டிராயர் விஷயத்தை அந்தப் பெண் வீட்டில் சொல்லவேயில்லை. பாதியை மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். மறுபடியும் பொய் சொல்லிக் காப்பாற்றியிருக்கிறாள், வேண்டாம் என்று சொல்லியும். ராஜம் மீதிப் பாதியைச் சொல்வதற்காக வாயைத் திறந்தாள். மீட்டிங்கில் நாலு பேர் எதிரில் சொன்னவள்தானே, இதைச் சொல்ல என்ன.

பட்டு மறுமுனையில் காத்திருந்தாள். மோதி பாக் பட்டு, பெரிய குவார்ட்டர்ஸ் பட்டு, முதல் ஃப்ரிட்ஜ் பட்டு.

கோபாலன் பேப்பரைத் தாழ்த்தி, “யாரு?” என்றார். ராஜம் அவரைக் கையமர்த்திவிட்டு, ஃபோனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டு, பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

“சிக்னல் சரியில்லை, பட்டு” என்றாள். “சொன்னா சிரிப்பேன்னு கடைசியா என்னமோ சொன்னியே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு.”